அன்பில்லாச் சுற்றம்

பெற்றோரை இழந்த குழவிக்குச் சுற்றமே துணை. அச்சுற்றம் செல்வமுடையதாயின் குழவியின் துயர் முழுதும் தீரும் என்று எண்ணுவோம். செல்வம் வேறு, அன்பு வேறு என்பதனைத் தெளிவுறக் காட்டுவது 'ஜேன் அயர்' என்னும் ஆங்கிலப் புதினம். இதனை இயற்றிய சார்லட் பிரான்டே அம்மையார், 1847-ஆம் ஆண்டில் கரர் பெல் என்னும் புனைபெயரால் வெளியிட்டார்.

ஜேன் கைக்குழந்தையாய் இருந்தபோதே தாய் தந்தையர் மறைந்தனர். தாயுடன் பிறந்தவராகிய ரீட் என்பார் அவளைத் தம் மாளிகைக்குக் கொணர்ந்து வளர்த்தார். சின்னாளில் அவரும் நோயுற்றார். இறக்குந் தறுவாயில், அக்குழந்தையைத் தம் மக்களுள் ஒருத்தியாகவே வளர்க்குமாறு மனைவியிடம் வாக்குப் பெற்று உயிர் நீத்தார்.

அவ்வம்மையார் ஜேனுக்கு உணவு அளித்தார்; உடை அளித்தார்; உறையுளும் அளித்தார். அளியாதது ஒன்றே. அஃது, 'இவள் எம்முள் ஒருத்தி' என்னும் உரிமை. வாக்கின் உடல் இருந்தது, உயிர் இல்லை.

ஜேனுக்கு வயது பத்து. ஒருநாள் சன்னலருகே திரைக்குப் பின் அமர்ந்து, பறவைகளைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். மாமியின் மகனாகிய பதினான்கு வயது ஜான் அங்கு வந்தான். பிறர் சோற்றில் வாழ்பவளுக்குத் தங்கள் நூலைத் தொட உரிமையில்லை என இகழ்ந்து, அந்நூலையே அவள்மீது வீசினான். அவள் கீழே விழுந்தாள். தலை கதவில் மோதிக் குருதி கசிந்தது. நெடுநாள் பொறுத்தவள் அன்று எதிர்த்து நின்றாள். தண்டனை ஜானுக்கன்று, ஜேனுக்கே கிடைத்தது. செந்நிற அறையொன்றில் அவளைத் தனியே அடைத்தனர். வாக்குப் பெற்ற மாமன் உயிர்நீத்த அறையே குழந்தைக்குச் சிறையாயிற்று! அச்சத்தால் அலறியவளை மாமி மீண்டும் உள்ளே தள்ளிப் பூட்டினார். அவள் மூர்ச்சையுற்றாள்.

பின்னர், பொய் பேசுபவள் என்னும் பழியோடு லோவுட் என்னும் பள்ளிக்கு அவள் அனுப்பப்பட்டாள். ஆண்டுகள் சென்றன. மதீராத் தீவில் வாழ்ந்த தந்தையின் உடன்பிறந்தார், ஜேனைத் தம் மகளாக ஏற்க விரும்பி மாமிக்கு மடல் விடுத்தார். மாமியோ, அவள் காய்ச்சலால் இறந்தாள் என விடையெழுதி, மடலை மூன்றாண்டு மறைத்து வைத்தார். மரணப் படுக்கையில்தான் அதனை வெளியிட்டார். ஜேன் மனமாரப் பொறுத்தாள். அப்பொறுமையை ஏற்கவும் மாமிக்கு மனம் வரவில்லை.

அத்தீவினர் இறந்தபின் 20,000 பவுன் ஜேனுக்கு வந்தது. முன்பொருகால் பசியால் வாடித் தம் வாயிலில் வீழ்ந்த அவளை, இன்னாரென அறியாமலே காத்தவர் மூவர். அவர்கள் தன் அத்தையின் மக்கள் எனப் பின்னர் அறிந்து மகிழ்ந்த ஜேன், செல்வத்தை நான்காகப் பகுத்து ஆளுக்கு 5,000 பவுன் ஆக்கினாள்.

மாளிகையில் பெறாத உறவை வறியவர் இல்லத்தில் பெற்றாள். செல்வம் வந்தபோது மாமியின் வழியைப் பின்பற்றினாள் அல்லள். மாணவர்களே, ஆதரவற்றாருக்குச் சோறிடுவது அறமே. இட்ட சோற்றைச் சொல்லிக் காட்டாமல், தம்மோடு ஒப்ப அமர்த்தி உண்பிப்பதே அவ்வறத்தின் நிறைவாகும்.

வினாக்கள்
1. ரீட் அம்மையார் ஜேனுக்கு அளித்தவை யாவை? அளியாதது யாது?
2. செல்வம் பெற்ற ஜேனின் செயல் அவள் பண்பை எவ்வாறு விளக்குகிறது?