முதற் பயிர் மண்ணுக்கே

"தோட்டம் கொத்தவா பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பினோம்?" என்று எம்மிற் சில பெற்றோர் கேட்பதுண்டு. நாமும் கேட்டவர்களே.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பாடசாலையில் 1995ஆம் ஆண்டு ஒரு தோட்டம் ஆரம்பமானது. உணவகம் நடத்திவந்த அலிஸ் வாட்டர்ஸ் அம்மையாரின் முயற்சி அது. சுமார் ஒரு ஏக்கர் நிலம் தார் மூடிக் கிடந்தது. தாரை அகற்றியபின் உடனே மரக்கறி நடவில்லை. மண்ணை வளப்படுத்தும் பயிர்களையே முதலில் விதைத்தார்கள்.

ஏன்? அவரையினச் செடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்குகின்றன. செடியைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு புரட்டினால் அடுத்த பயிருக்கு அதுவே பசளை. ஊரில் சணல் விதைத்து உழுததும் இதற்காகவே.

அறுவடை இல்லாத அந்த முதற் பருவத்தைக் கணக்காளர்களாகிய நாம் முதலீடு என்றே பதிவோம். புலம்பெயர்ந்த மண்ணில் வேரூன்றும் எம் பிள்ளைகளிடமோ முதற் தவணையிலேயே புள்ளி கேட்கிறோம்.

பெற்றோரே, காய்த்து ஓய்ந்த போஞ்சிச் செடியொன்றைப் பிள்ளையுடன் மெதுவாகக் கிண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சுகளைப் பிள்ளையே எண்ணட்டும்.