கப்பல் சீட்டில் உள்ள ‘சேலம்’ எந்த ஊர்?

கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலும் பீஜியிலும் மொரீசியசிலும் இருந்துகொண்டு பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். அந்த ஊர் தருமபுரிப் பக்கமாக இருந்தால், தேடலைத் திசை திருப்பும் தவறான நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: கப்பல் ஏறும்போது கொடுத்த சீட்டில் சேலம் என்று இருக்கிறது, ஆகவே ஊர் சேலம்தான்.

உண்மை: அது நகரத்தின் பெயர் அல்ல, ஜில்லாவின் பெயர். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2 அன்றுதான். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு இந்தியத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டது 1860-இல். பீஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல் 1916 வரை. அந்தக் காலம் முழுக்கத் தருமபுரி, பென்னாகரம், அரூர், ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லா. அமெரிக்காவில் குடியேறிய போலந்துக்காரர்களின் வாரிசுகளுக்கும் இதே சிக்கல்தான். 1795 முதல் 1918 வரை போலந்து சுதந்திர நாடாக இல்லாததால், அவர்களின் பாட்டன் காகிதங்களில் ரஷ்யா, ஆஸ்திரியா, ஜெர்மனி என்றே இருக்கும். நாட்டின் பெயரை விட்டுவிட்டுக் கிராமத்தையும் அதன் தேவாலயத்தையும் பிடித்தால்தான் அவர்களுக்கு வழி திறக்கிறது.

நாம் பிடிக்க வேண்டியது சீட்டிலுள்ள தாலுகா கட்டம். அதிலும் கவனம் வேண்டும். ஊத்தங்கரை என்று எழுதியிருந்தால் உடனே இன்றைய ஊத்தங்கரைக்குக் கார் எடுக்காதீர்கள். அரூரும் தீர்த்தமலையும் அன்று அந்தத் தாலுகாவில்தான் இருந்தன. இன்று ஊத்தங்கரை, 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அரூரோ தருமபுரியிலேயே இருக்கிறது.

நம்பிக்கை: சீட்டு எழுதிய குமாஸ்தா பெயரைக் கெடுத்துவிட்டார், இனி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

உண்மை: காதில் விழுந்ததை அவர் ஆங்கில எழுத்தில் எழுதினார், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். மாதையன், மாதம்மாள், தீர்த்தகிரி, முனியப்பன் போன்ற பெயர்கள் அப்போது தாமாகவே வெளிவரும். தீர்த்தகிரி என்ற பெயர் வந்தால் எனக்கு உடனே தீர்த்தமலைதான் நினைவுக்கு வரும், அந்த மலைக்கோயிலில் இருப்பவர் தீர்த்தகிரீசுவரர். ஆனால் அது தடயம் மட்டுமே, சான்று ஆகாது.

பெயரை விட உறுதியானது எண். நெட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் பிற்காலப் பதிவுகளில் ஆளை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். அதைக் கொண்டு கப்பல் பட்டியலுக்குப் போனால் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று ஒரு மனிதரே எதிரில் வந்து நிற்பார். பீஜிக்காரர்களின் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், மொரீசியஸ் பதிவுகள் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் இருக்கின்றன.

நம்பிக்கை: இன்று குடும்பப் பெயராக இருப்பது நம் வம்சப் பெயர்.

உண்மை: பெரும்பாலும் அது கப்பலில் போனவரின் சொந்தப் பெயராகவோ, அவர் தகப்பன் பெயராகவோ, சாதிப் பட்டமாகவோ இருக்கும். அதை வைத்து ஊருக்குள் விசாரித்தால் யாருக்கும் விளங்காது.

நம்பிக்கை: தாலுகா ஆபீசில் பிறப்புச் சான்று கிடைக்கும்.

உண்மை: 1860-இல் கப்பல் ஏறியவருக்கு அப்படி ஒன்று இருக்க வழியில்லை. பழைய நிலப் பதிவேடுகள் உதவலாம், ஆனால் அவற்றில் நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா செத்துக் கிடந்தபோது பிழைப்புத் தேடி ஓடிய கூலிக்காரருக்கு ஏது பட்டா? போனவரின் பெயர் இல்லாவிட்டாலும் அண்ணன் தம்பி பெயரில் துண்டு நிலம் இருந்திருக்கலாம், தகப்பன் பெயரை வைத்துப் பாருங்கள்.

மரபணுச் சோதனை கிராமத்தைச் சொல்லாது. தூரத்துச் சொந்தம் யாராவது அதே சோதனையைச் செய்திருந்தால் அவரைக் காட்டும்.

ஏடு முடிகிற இடத்தில் கேட்க வேண்டியது குலதெய்வம் எது, பங்காளிகள் யார் என்பதைத்தான். “தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கப்பலுக்குப் போனவர், திரும்பலை” என்று சொல்லும் பெரியவர் தருமபுரிப் பக்கம் உள்ள உங்கள் வீட்டில் இருந்தால், அந்த அண்ணனின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். டர்பனிலோ சுவாவிலோ ஒருவர் அந்த இரண்டு பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.