ஒரு 'க' போதுமா? மொழியியலுக்கு ஓர் அறிமுகம்

"இந்தியில் 'க' வரிசையில் நான்கு எழுத்துகள் இருக்கின்றனவே, தமிழில் ஏன் ஒன்றுதான்? தமிழில் ஏதேனும் குறையா?" வடநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. கல்லூரியில் மொழியியல் படிப்போருக்கு இதற்கான விடை தொடக்கப் பாடங்களிலேயே வந்துவிடும்.

மொழியியல் என்பது பல மொழிகளைப் பேசக் கற்பதன்று. மொழி எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயும் அறிவியல் அது. எந்த மொழி உயர்ந்தது என்று அது கேட்பதில்லை.

ஒரு சிறு சோதனை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பக்கம்' என்று சொல்லுங்கள். நடுவில் அதிர்வு நின்று மீண்டும் வரும். 'தங்கம்' என்று சொல்லுங்கள். 'த'வைத் தாண்டியபின் அதிர்வு நிற்காது. 'பகல்' என்னும்போது 'க' மேலும் மெலிந்து ஏறக்குறைய 'ஹ' போல ஒலிக்கும். எழுத்து ஒன்று, ஒலியோ மூன்று.

ஆனால் இந்த ஒலிகள் தம் விருப்பப்படி வருவதில்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலி. மெல்லினத்தின் பின் அதிர்வொலி. உயிர்களுக்கு இடையே மெலிந்த ஒலி. வீட்டில் வேட்டியும் அலுவலகத்தில் பேன்ட்டும் அணிந்தாலும் ஆள் ஒருவரே அல்லவா? அந்த ஆளை 'ஒலியன்' என்றும், இடத்துக்கேற்ற உடைகளை 'மாற்றொலிகள்' என்றும் மொழியியலார் அழைப்பர். திராவிட மொழிகளின் இந்த இயல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலிலேயே எடுத்துக்காட்டினார்.

இந்தியின் நிலை வேறு. காலம், தோல், கன்னம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கால்' என்றே வரும். முதல் ஒலி மாறினால் அங்கே பொருளே மாறிவிடுகிறது. ஆகவே அங்கு அவை தனித்தனி ஒலியன்கள். தனி எழுத்துகள் தேவை.

இனித் திருப்பிப் பாருங்கள். வலி, வளி, வழி என்பவை நமக்கு மூன்று சொற்கள். 'கொடு', 'கோடு' என்பவற்றைக் குறில் நெடில் வேறுபாடே பிரிக்கிறது. இந்தியில் 'ழ' இல்லை. 'ஒ', 'ஓ' என்ற குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அது இந்தியின் குறையன்று. அதுபோலத் தமிழில் ஒரு 'க' இருப்பதும் குறையன்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. 'பஸ்', 'டாக்டர்' போன்ற பிறமொழிச் சொற்களுக்கு மேற்சொன்ன விதி பொருந்தாது. அவற்றின் முதல் எழுத்தே அதிர்வொலியாக வருகிறது. பிள்ளைகள் இவற்றைப் படிக்கத் தடுமாறினால் கடியாமல் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்சி: 'ச', 'ட', 'த', 'ப' ஆகியவற்றுக்கும் சொல் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும், மெல்லினத்தின் பின்னும், உயிர்களுக்கு இடையிலும் வரும் சொற்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். நான்கில் ஒன்று தமிழ்ச் சொற்களுக்கு முதலில் வராது. அது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு மொழிகளை நாள்தோறும் காதால் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது எளிது.