கீழாநெல்லிக் கட்டும் மருந்துச் சோதனையும்

புதுவையில் மளிகையோடு நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருக்கும் வணிகர்களுக்கு, காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டு வருபவர்கள் புதியவர்கள் அல்லர். வயலோரம் தானாக முளைக்கும் இந்தச் செடியை விஞ்ஞானிகள் எவ்வாறு சோதித்தார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம். நம் வியாபாரத்துக்கும் அதில் வேலை இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க். கீழாநெல்லியைத் தண்ணீரில் இறக்கி எடுத்த சாறு, அந்தக் கிருமி பெருகத் தேவையான ஒரு பொருளைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்று அவர் குழு 1987-ல் வெளியிட்டது. குழாயில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்பதில்லை. ஆகவே சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், புளூம்பெர்க்கும் சேர, அக்கிருமியை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். காய்ந்த செடிப்பொடி 200 மில்லிகிராம், தினம் 3 வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. (நம் தராசுக்கு முத்திரை எடைக்கல் எப்படியோ, சோதனைக்கு இந்தப் போலி மருந்து அப்படி.) 1988-ல் லான்செட் இதழில் இது வெளிவந்ததும் உலகெங்கும் கீழாநெல்லிக்கு மவுசு கூடிவிட்டது.

ஆனால் 1990-ல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளைச் சேர்த்து 2011-ல் செய்த ஆய்வும், போலி மருந்தைவிட மேல் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே கூறியது. இது ஹெபடைடிஸ் பி பற்றிய தீர்ப்பு. காமாலைக்கோ வேறு காரணங்களும் உண்டு, பித்தக்கல் உட்பட. "இதைக் குடித்தால் போதும்" என்று கல்லாவில் உட்கார்ந்து நாம் சொல்லலாகாது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் கட்டைக் கொடுப்பதால் வியாபாரம் கெடாது.

இனி சரக்குக்கு வருவோம். தென்னிந்தியக் கடைகளில் 25 மாதிரிகள் வாங்கி ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியானது. 76 சதவீதத்தில் சரியான செடியே ஏறக்குறைய முழுவதும் இருந்தது. மீதியில் அதே இனத்தின் வேறு ஐந்து வகைகள்! நம் ஆட்கள் வேண்டுமென்று கலந்திருப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை. பறிப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கட்டுக்குள் இருப்பது எது என்று தெரியாவிட்டால் எந்தச் சோதனையின் முடிவும் அந்தக் கட்டுக்குப் பொருந்தாது.

பச்சையாக வரும்போதே பிரித்துப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில் சிறு காம்போடு வழுவழுப்பான காய் தொங்கினால் கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் வேறு வகை. காய்ந்து நொறுங்கிய பின் நம்மால் பிரிக்க முடியாது. ஆகவே வேரும் காயும் உள்ள முழுச் செடியாகவே கேட்டு வாங்குவோம். ஒவ்வொரு வரத்திலும் ஒரு பிடி எடுத்து, ஊரும் தேதியும் எழுதித் தனிப்பையில் வைப்போம். நம் செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் உலர்செடித் தொகுப்பை வைத்திருப்பதும் இதே முறையில்தான்: செடி, ஊர், தேதி.