பழைய லேப்டாப் வாங்கி விற்கலாம்: பகுதி நேர வருமானத்திற்கு ஒரு பாடம்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் பகுதி நேரமாக ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று கேட்காதவர்கள் குறைவு. டேட்டா என்ட்ரி, விளம்பரத்தை கிளிக் செய்தால் பணம் என்றெல்லாம் சொல்லி முன்பணம் வாங்கி ஏமாற்றியவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது நானே செய்து வருகிற ஒரு வேலை. பழைய லேப்டாப்பை ஆன்லைனில் வாங்கி, சரி செய்து, மறுபடியும் ஆன்லைனில் விற்பது. இதில் லாபம் உண்டு. ஆனால் ஒரே ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டதால் நான் 14,000 ரூபாயை இழந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

ஆன்லைனில் பழைய பொருள் விற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2000ம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸீ டாட் காம் தளத்தில் ஏலம் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். 2004ல் அதை ஈபே நிறுவனம் வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளமும் 2018ல் மூடப்பட்டது. இன்று நம் ஏரியாவில் யார் என்ன விற்கிறார்கள் என்று பார்க்க ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டும் போதும். இரண்டிலும் பொருளை நேரில் பார்த்துதான் வாங்க வேண்டும். நம் தொழிலுக்கு அதுதான் பாதுகாப்பு.

எந்த லேப்டாப்பை வாங்குவது?

விளம்பரத்தில் "கோர் ஐ5 லேப்டாப்" என்று மட்டும் போட்டிருந்தால் அவசரப்படாதீர்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யு என்றால் பத்தாம் தலைமுறை. விற்பவரிடம் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்று தேடித் திறந்து, பிராசஸர் வரியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதை ஏன் பார்க்க வேண்டும்? விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாப்ட் ஏற்கும் முறையில் நிறுவ, இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். அதனால் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் விலை மலிவாகக் கிடைக்கும். அவை வேலை செய்யாது என்பதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் இன்டர்நெட் பார்க்கவும் கடிதம் டைப் செய்யவும் தாராளமாகப் போதும். ஆனால் வாங்குபவரிடம் "இதில் விண்டோஸ் 11 முறையாக வராது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்குவதில்லை.

நேரில் போய் செய்ய வேண்டிய சோதனைகள்

லேப்டாப்பை சார்ஜரோடு கேளுங்கள். ஒரு பென் டிரைவும் ஹெட்போனும் கையில் கொண்டு போங்கள்.

1. பேட்டரி: கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎப்ஜி (ஆங்கிலத்தில் பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எப், ஜி, எல்லாம் சேர்த்து) என்று டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு ரிப்போர்ட் பைல் உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். பிரவுசரில் திறந்தால் டிசைன் கெபாசிட்டி, புல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் 41,000, இரண்டாவது 24,600 என்றால் பேட்டரியில் 60 சதவீத உயிர்தான் மிச்சம். 60க்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

2. டிஸ்க்: கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராமை பென் டிரைவிலேயே எடுத்துப் போகலாம். ஹெல்த் ஸ்டேட்டஸ் "குட்" என்றால் சரி. "காஷன்" என்றோ "பேட்" என்றோ வந்தால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். பவர் ஆன் ஹவர்ஸ் என்ற எண்ணையும் பாருங்கள். "அதிகம் யூஸ் பண்ணவே இல்லை சார்" என்பவரின் டிஸ்க் 11,000 மணி நேரம் ஓடியிருக்கும்.

3. கீபோர்டு: நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள். கீபோர்டு மாற்றுவது பல மாடல்களில் சிரமமான வேலை.

4. திரை: முழு வெள்ளை, முழு கறுப்பு என இரண்டு படங்களை பென் டிரைவில் வைத்திருந்து திரை முழுக்கக் காட்டுங்கள். புள்ளி, கோடு, ஓரத்தில் வெளிச்சக் கசிவு எல்லாம் உடனே தெரிந்துவிடும். மூடித் திறந்து ஹின்ஜ் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

5. யுஎஸ்பி போர்ட்கள், வெப்கேம், ஸ்பீக்கர், ஹெட்போன் ஜாக், வைஃபை. எல்லாவற்றையும் ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள்.

6. பயாஸ்: ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால், விற்பவர் அதை அந்த இடத்திலேயே எடுத்துத் தர வேண்டும். தெரியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அரை மணி நேரம் ஆகும். இத்தனையையும் செய்துதான் நானும் அந்த லேப்டாப்பை வாங்கினேன்.

14,000 ரூபாய் பாடம்

பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், பார்க்கப் புதிது போல இருந்தது. விற்றவர் என் வயதுக்காரர். வேலை மாறி பெங்களூரு போவதாகச் சொன்னார். பில் எங்கேயோ இருக்கிறது, தேடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். மார்க்கெட் விலையைவிட மிகவும் குறைவு என்பதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பணத்தைக் கொடுத்து எடுத்து வந்தேன்.

அதற்குள் ஆளும் அமைந்துவிட்டார். மகள் இன்ஜினியரிங் முதலாண்டு சேரப் போகிறாள் என்று ஒரு அப்பா 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். சனிக்கிழமை இரவு விண்டோஸைப் புதிதாக நிறுவி வைஃபை இணைத்தேன். வழக்கமாக வரும் திரைக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் பெயரும், அலுவலக ஈமெயில் முகவரியைக் கேட்கும் பெட்டியும் வந்தன. மறுபடி பார்மட் செய்தேன். மறுபடி அதே திரை.

இதற்குப் பெயர் விண்டோஸ் ஆட்டோபைலட். நிறுவனங்கள் லேப்டாப் வாங்கும்போதே அதன் ஹார்டுவேர் அடையாளத்தை மைக்ரோசாப்ட்டின் சர்வரில் தங்கள் பெயரில் பதிவு செய்துவிடுகின்றன. அந்த அடையாளம் மதர்போர்டோடு சம்பந்தப்பட்டது. டிஸ்க்கை பார்மட் செய்தாலும், புது எஸ்எஸ்டி போட்டாலும் போகாது. இன்டர்நெட் இணைத்து விண்டோஸை அமைக்கும்போது சர்வர் அதை அடையாளம் கண்டு, "இது இன்னாருடைய மெஷின்" என்று சொல்லிவிடும். பதிவை நீக்க வேண்டியது அந்த நிறுவனம்தான்.

விற்றவரின் போன் சுவிட்ச் ஆப். நண்பன் ஒருவன், "நெட் இல்லாம இன்ஸ்டால் பண்ணுடா, இல்லன்னா லினக்ஸ் போட்டுக் குடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். அவன் சொன்னது டெக்னிக்கலாகச் சரிதான். அந்தத் திரையைத் தாண்டிப் போக வழி உண்டு. ஆனால் அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து ஒரு முறை ரீசெட் செய்தால் அதே திரை வரும், பரீட்சைக்கு முந்தின நாளாகக்கூட இருக்கலாம். அதைவிட முக்கியமாக, அந்த லேப்டாப் அவளுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ம் பிரிவின்படி குற்றம். அந்தத் திரையைப் பார்த்த பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு போன் செய்தேன். சீரியல் எண்ணைக் கேட்டார்கள். அது தங்கள் சொத்துப் பட்டியலில் இருப்பதாகவும், வேலையை விட்டவர் ஒப்படைக்கவில்லை என்றும் சொன்னார்கள். நேரில் கொண்டு போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன். வாட்ஸ்அப் உரையாடலோடு போலீசிலும் புகார் கொடுத்தேன். பணம் திரும்பி வரவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்ல தம்பி, காலேஜ் திறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. நல்லதா வந்தா எனக்கே சொல்லுங்க" என்றார். மூன்று வாரத்தில் வேறொன்று கிடைத்தது. அவரே வாங்கிக்கொண்டார்.

இந்தச் சோதனையை எப்படிச் செய்வது?

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல் என்று போய் ஏதாவது அலுவலகக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இது மட்டும் போதாது. எனக்கு விற்றவர் ஏற்கனவே நெட் இல்லாமல் விண்டோஸ் நிறுவியிருந்ததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

உறுதியான வழி, விற்பவர் லேப்டாப்பை ரீசெட் செய்து, புது விண்டோஸ் திரையோடு தயாராக வைத்திருக்கச் சொல்வது. நீங்கள் போனதும் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இணைத்து இரண்டு மூன்று திரை தள்ளிப் பாருங்கள். சாதாரண மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்டால் சரி. ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்தால் வாங்காதீர்கள். மற்ற சோதனைகளை விண்டோஸுக்குள் நுழைந்த பிறகு செய்துகொள்ளலாம்.

பில் கட்டாயம் கேளுங்கள். பில் இல்லை என்றால், சீரியல் எண், விலை, தேதி போட்டு "இது என் சொந்தப் பொருள்" என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். செகண்ட் ஹேண்ட் மொபைல் வாங்குபவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. *#06# டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது பிளாக் செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும்.

விற்கும்போது

முதலில் பழைய டேட்டாவை முழுமையாக அழியுங்கள். குயிக் பார்மட் போதாது, ரெக்கவரி புரோகிராம்கள் பைல்களை மீட்டுவிடும். விண்டோஸ் ரீசெட்டில் ரிமூவ் எவ்ரிதிங் தேர்வு செய்து, சேஞ்ச் செட்டிங்ஸில் கிளீன் டேட்டா என்பதை ஆன் செய்யுங்கள். அழிக்கும் முன் விற்றவரிடம் ஒரு முறை போனில் கேட்டுவிடுங்கள். குழந்தையின் போட்டோக்களை எடுக்க மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் பிராசஸரின் முழு எண், ராம், எஸ்எஸ்டி அளவு, பேட்டரி சதவீதம், எங்கே கீறல் இருக்கிறது என்பது வரை எழுதுங்கள். கீறலை குளோசப் போட்டோ எடுத்தே போடுங்கள். குறையை மறைத்தால் வருபவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வீண்.

விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்திலேயே, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், பேரம் வேண்டாம், பணத்தை இப்போதே அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று போன் வரலாம். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் பேங்க் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

லாபம் எவ்வளவு?

நான் விற்ற ஒரு லேப்டாப்பின் கணக்கு இதோ.

வாங்கிய விலை: 11,000
எஸ்எஸ்டி: 1,600
பேட்டரி: 1,900
பெட்ரோல்: 350
தெர்மல் பேஸ்ட், சுத்தம் செய்ய: 150
மொத்தம்: 15,000
விற்ற விலை: 17,800
லாபம்: 2,800

இதற்கு ஏழு மணி நேரம் செலவானது. மணிக்கு 400 ரூபாய். மாதம் இரண்டு விற்றால் வீட்டு இன்டர்நெட், கரண்ட் பில் போக கையில் கொஞ்சம் நிற்கும். ஆனால் அந்த 14,000 ரூபாயை 2,800ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து லேப்டாப்பின் லாபம் ஒரே தவறில் போய்விட்டது. அதனால்தான் முதல் மூன்று மாதம் ஒரு நேரத்தில் ஒரு லேப்டாப்புக்கு மேல் வாங்க வேண்டாம் என்கிறேன். கடன் வாங்கியும் இதில் இறங்க வேண்டாம்.

வேலையில் இருப்பவர்கள் தங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வேறு தொழில் செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இந்த லாபத்துக்கும் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர் 1 படிவத்தில் வியாபார வருமானத்துக்கு இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கிய தேதி, விற்ற தேதி, செலவு எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு வைத்தால் மார்ச் மாதம் தலைவலி இருக்காது.

முதல் முயற்சிக்கு வெளியே தேட வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியிலோ, சித்தப்பா வீட்டுப் பரணிலோ ஒரு பழைய லேப்டாப் நிச்சயம் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, சுத்தம் செய்து, உண்மையான விவரத்தோடு ஒரு விளம்பரம் போட்டுப் பாருங்கள். கை பழகிவிடும்.