ஆள்காட்டி விரட்டினால்…

மங்கலம்பேட்டை பக்கம் ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போனவர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவந்தால், துரத்தியது பெரும்பாலும் ஆள்காட்டிப் பறவையாகத்தான் இருக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாயும். ஆனால் மேலே படுவது அரிது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அது வெறுந்தரையில் முட்டையிடும் காலம். வழக்கமாக நான்கு, சரளையோடு சரளையாகக் கிடப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். கத்தல் கேட்டால் ஓடாதீர்கள். தரையைப் பார்த்தபடி, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓரடிகூட நடக்க வேண்டாம். கரை சறுக்கி வாய்க்காலில் விழுந்து, சேறும் சகதியுமாக ஊர் சிரிக்க வீடு திரும்புவது இப்படித்தான்.

உச்சிவெயிலில் கூட்டுப்பக்கம் போகவே போகாதீர்கள். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து அது முட்டைகளைக் குளிர்விக்கும் நேரம் அது.