புத்தர் தெய்வமோ?

விகாரங்களில் மலரும் விளக்கும் கொண்டு மக்கள் வழிபடுதலைக் காண்போர், பௌத்தர் புத்தரைத் தெய்வமாகவே கொண்டனரென எண்ணுவர். அது பொருந்துமோவென ஆராய்வாம்.

இவ்வினாவைப் புத்தரிடமே ஒருவர் நேரிற் கேட்டதாகப் பாலி நூலாகிய அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. தோணர் என்னும் அந்தணர், வழியிற் சக்கரக்குறி பொருந்திய அடிச்சுவடுகளைக் கண்டு வியந்து, அவற்றைத் தொடர்ந்து சென்று, மரத்தடியில் அமர்ந்திருந்த அவரைத் தேவரோ, கந்தருவரோ, இயக்கரோ, மனிதரோவென வினவினர். நான்கினையும் மறுத்த பெருமான், தம்மைப் புத்தரெனக் கொள்ளுமாறு பணித்தனர். தேவரல்லர் என்றதை விரித்துரைப்போர் பலர். மனிதரென்பதையும் அவர் மறுத்ததை ஏனோ விட்டுவிடுகின்றனர். அவ்வப் பிறப்பிற்கு ஏதுவாகிய மாசுகள் தம்மிடத்து அற்றனவென்பதே அவர் காட்டிய காரணம். மனிதவுடல் தமக்கில்லையென அவர் கூறினாரல்லர்.

மேலும், பௌத்த நூல்களிற் கூறப்படும் தேவர் நெடுங்காலம் வாழினும் இறுதியில் மாய்ந்து மீளப் பிறப்பவரே. புத்தரோ தேவர்க்கும் மனிதர்க்கும் ஆசானெனப் போற்றப்படுகின்றார். ஆதலின் அவரைத் தேவரென்றல் அவர் நெறிப்படி தாழ்த்துவதேயாம். உலகைப் படைத்த முழுமுதற் கடவுளெனவோ அந்நூல்கள் அவரைக் கூறவில்லை.

பிற்காலத்து லோகோத்தரவாதிகள், அவர் உண்டதும் உறங்கியதும் உலகோர்க்கு இசைந்து காட்டியனவே என்றனர். எமக்கு அது உடன்பாடன்று. 80 வயதிற் குசிநகர் செல்லும் வழியில் நோயுற்ற அவர், ஆனந்தரிடம் மும்முறை தண்ணீர் வேண்டினார். அவ்விடாய் பொய்யாயின், உருவேலத்தில் உடல் மெலிய நோற்றதும் பொய்யாம். அவர் காட்டிய வழியை நம்பி நடக்கும் மனிதர்க்கு அப்பொழுது யாது துணை?